ஒரு சொட்டு எண்ணெய்

ஜீவமணி துருவுக்கு அஞ்சுகிறவர். தருவைகுளம் செல்லும் சாலையில் உப்பளங்களுக்கு எதிரே வீடு கட்டியவர் எவரும் துருவுக்கு அஞ்சத்தான் வேண்டும் என்றாலும், அவருடைய அச்சத்துக்கு ஓர் ஆராதனை முறைமை இருந்தது. சனிக்கிழமை மாலையானதும், மறுநாள் ஆலயத்துக்கு உடுத்திச் செல்லவேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியையும் ஒரு பழைய பனியன் துணியையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். வாசற்கதவின் கீல், பூட்டு, சன்னல் கொக்கி, கிணற்றுக் கப்பி, மின்விசிறியின் கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. ஒரு சொட்டுக்கு மேல் விடமாட்டார். ஒன்றையேனும் மறந்துவிடவும் மாட்டார். அந்தச் சாலையில் கிறீச்சிடாமல் திறக்கும் இரும்புக் கதவு தம்முடையது ஒன்றே என்பதில் அவருக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை உண்டு.

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் நிறுவனம் ஒன்றில் அவர் ஆவணங்கள் எழுதிக்கொண்டிருந்தார். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய கையெழுத்து; அதிகாரிகளே அதைப் பாராட்டியதுண்டு. எல்லாம் கணினிக்குள் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கையெழுத்துக்கும் அவருக்கும் ஒருசேர விடைகொடுத்தார்கள். இப்பொழுது வீட்டில் சம்பாதிப்பவள் மனைவி ஜெபசுதா. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். இனிமேல் கட்டப்போகும் வீடு கட்டி முடித்தபின் எப்படித் தோன்றும் என்பதை வண்ணமும் நிழலுமாகக் கணினியில் வரைந்து தருவாள். முன்னறை முழுவதும் அவளுடைய மேசையும் திரையுந்தான். பொறியாளர்கள் “ஜெபசுதா மேடம் வீடு எது” என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். ஜீவமணி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவார். அது சத்தமில்லாமல் திறக்கும். வந்தவர்கள் அவரைக் கடந்து உள்ளே போவார்கள்.

மஸ்கட்டில் இருக்கும் ஒரு கட்டுமான நிறுவனம், வீட்டுக்குள் ஒருவர் நடந்துபோய்ப் பார்ப்பதைப் போன்ற அசையும் படம் வேண்டும் என்று கேட்டிருந்தது. மாதிரி ஒன்றை மறுநாள் காலைக்குள் அனுப்பவேண்டும். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஆண்டு முழுவதும் வேலை. அதற்கு அவளுடைய கணினியின் திறன் போதவில்லை. கிராபிக்ஸ் கார்டு ஒன்று புதிதாகப் போடவேண்டியிருந்தது. அவளே கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டு, மடிக்கணினியை விரித்து மஸ்கட்டுக்காரர்களுடன் பேசத் தொடங்குமுன், கணினியின் பெட்டியைக் கழற்றி வாசலருகே கொண்டுவந்து வைத்தாள். ஜீவமணி அதை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்கால்களால் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

பாளையங்கோட்டை ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது இசக்கிராஜாவின் கடை. முப்பதைத் தாண்டிய ஆள்; வேலையைவிடப் பேச்சு அதிகம்; வருகிறவர்களை எல்லாம் உறவுமுறை சொல்லி அழைத்துவிடுவான். பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றியவன், மூக்கைச் சுளித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். கணினி முழுவதற்கும் மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பவர் சப்ளை, பெட்டிக்குள் ஒரு மூலையில் இருந்தது. அதைத் தனியே எடுத்து மேசைமேல் கவிழ்த்தபோது செம்பழுப்புத் துகள் பொலபொலவென்று உதிர்ந்தது.

உப்புக்காற்று வீட்டில் இது வழக்கந்தான் என்று இசக்கிராஜா ஆறுதல் சொல்லிக்கொண்டே அதன் மூடியைத் திறந்தான். திறந்தவன் உள்ளே விரலால் தொட்டு மோந்து பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

“அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. இதுக்குள்ள எவனோ எண்ணெய விட்டிருக்கான். வட சுட்ட சட்டி கணக்கா இருக்கு.”

ஜீவமணி எட்டிப் பார்த்தார். சிறிய விசிறியின் இதழ்களில் எண்ணெயும் உப்பும் தூசியும் குழைந்து, கறுத்த களிம்பாகப் படிந்திருந்தன. அந்தக் களிம்பு விசிறியோடு நின்றுவிடவில்லை. உள்ளே வழிந்து, பச்சைப் பலகைமேல் பரவி, உருளை உருளையாக நின்ற மின்தேக்கிகளின் அடியில் உறைந்திருந்தது. அவற்றுள் இரண்டு தலை வீங்கிப் பிதுங்கி இருந்தன. விசிறியின் காற்று அடைபட்டு, சூடு வெளியேற வழியின்றி, எல்லாம் உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கின்றன என்று விளக்கினான் இசக்கிராஜா.

சனிக்கிழமைகள் அவர் நினைவுக்கு வந்தன. ஒருநாள் அந்த விசிறி முனகியது. ஜெபசுதா எரிச்சலோடு காதைப் பொத்திக்கொண்டாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பின்புறத்துக் கம்பி வலை வழியாக அவர் ஒரு சொட்டு விட்டார். முனகல் நின்றது. வந்து உட்கார்ந்தவள், “பரவாயில்லையே, தானாச் சரியாப்போச்சு” என்றாள். எண்ணெய்ப் புட்டியை அவர் அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் வைத்தார். அது முதற்கொண்டு, பூட்டுக்கும் கீலுக்கும் விட்டதுபோல் அதற்கும் வாரந்தோறும் ஒரு சொட்டு. அவளுடைய வேலையில் அவருடைய பங்கு என்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். அவள் திரையைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கையில், பின்னால் நாற்காலியில் அமர்ந்து, சத்தமின்றிச் சுழலும் அந்த விசிறியை எத்தனையோ முறை அவர் திருப்தியோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“யாரு அண்ணாச்சி பாத்த வேல இது?” என்று கேட்டான் இசக்கிராஜா.

“தெரியல. முன்னால எவனாவது சர்வீஸ் பண்ணுனவனா இருக்கும்.”

“நல்ல சர்வீசு. அக்காகிட்ட காட்டணும். சிரிச்சிச் சிரிச்சி வயிறு புண்ணாயிரும்.” அவன் கைப்பேசியை எடுத்து, வெளிச்சம் விழும்படி அந்தக் களிம்பை ஒரு படம் பிடித்துக்கொண்டான்.

ஜெபசுதா சிரிப்பதை ஜீவமணி அறிவார். போன ஆண்டு நாசரேத்தில் ஆலயத்து அசன விருந்தின்போது, நீண்ட பந்தியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக இலை போட்டு அமர்ந்திருந்தார்கள். ஜெபசுதாவின் தம்பி டிக்சன் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, அத்தானுக்கு என்ன குறை, அக்கா கம்பெனியில் பியூன் உத்தியோகம் பார்க்கிறாரே என்றான். நாலைந்து இலைகள் வரை அந்தச் சிரிப்பு போயிற்று. குழம்பு ஊற்றிக்கொண்டு வந்த ஜெபசுதா நின்றாள். தம்பியைக் கண்டிக்கப்போகிறாள் என்றுதான் ஜீவமணி நினைத்தார்.

“சும்மா கெடலே,” என்றாள் அவள். “பியூன்னா சொன்ன வேலைய ஒழுங்காச் செய்வான்.”

அப்பொழுது எழுந்த சிரிப்பு பந்தியின் மறுகோடி வரையில் சென்றது. அவளும் சிரித்தாள், கரண்டியிலிருந்த குழம்பு அவருடைய இலையில் தளும்பி விழும் அளவுக்குச் சிரித்தாள். அவர் இலையை மூடாமல் சோறு முழுவதையும் உண்டுவிட்டுத்தான் எழுந்தார். அதன்பின் டிக்சனுடைய வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. ஜெபசுதாவின் வரைபடங்களுக்கெல்லாம் நகல் வைத்திருந்த சிறிய டிஸ்கைத் தம்பி இரவல் வாங்கிப்போய்விட்டான், அழித்தும் இருப்பான், அதைப் போய் வாங்கி வாருங்கள், புதிதாய் எல்லாவற்றையும் நகல் எடுக்கவேண்டும் என்று அவள் பலமுறை சொல்லியும் அவர் போகவில்லை. இன்று காலையிலும் காப்பி கொடுக்கும்போது அதைத்தான் சொன்னாள். இத்தனை ஆண்டுகள் வரைந்ததெல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது என்றாள்.

இசக்கிராஜா அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் வைத்தான். புதிய பவர் சப்ளை. முத்திரை பிரிக்கப்படவில்லை. கார்டுக்கு அக்கா சரி சொல்லியாயிற்று. இதைப் பற்றி மட்டும், திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார் என்று கூறி அவளுடைய எண்ணை அழைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தான், இம்முறை பாதியிலேயே துண்டிக்கப்பட்டது.

“மீட்டிங்ல இருக்காங்க போல. இப்ப மாட்டுனாத்தான் சாயங்காலத்துக்குள்ள டெஸ்ட் பண்ணிக் குடுக்க முடியும். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. பழசா, புதுசா?”

நீங்களே சொல்லுங்கள் என்று தம்மிடம் ஒருவர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று ஜீவமணிக்கு நினைவில்லை. அந்தச் சொல் நாவில் பனங்கற்கண்டு போலக் கிடந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“பழச மாட்டுனா ஓடாதோ?”

“ஓடும். இன்னைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும். ஆனா புது கார்டு கரண்ட இழுக்க இழுக்க இது கொதிக்கும். படம் ஓட விட்டா ராத்திரி முழுக்க இழுக்குமே. போகும்போது தனியாவும் போகாது அண்ணாச்சி. போர்டு, டிஸ்க்கு எல்லாத்தயும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்.” அவன் திருப்புளியால் வீங்கிய மின்தேக்கியை மெல்லத் தட்டினான். “டிஸ்க்குல உள்ளதுக்கெல்லாம் வேற எங்கயும் காப்பி இருக்கா?”

தெருவில் உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஜீவமணி அது திரும்பி முடிக்கும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு,” என்றார்.

சொன்னபின் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தபோது அது இதமாகச் சுழல்வதைப்போல் அந்தப் பொய் உள்ளே சுழன்றது. புதியதை மாட்டினால் பழையது கடையில் கிடக்கும். இசக்கிராஜா பிடித்த படம் ஜெபசுதாவுக்குப் போகும். அவள் பார்த்தவுடன் தெரிந்துகொள்வாள். வீட்டில் எண்ணெய்ப் புட்டியோடு திரிகிறவர் வேறு யார்? இந்த ஆண்டு அசனத்தில் டிக்சனுக்கு அது போதும். பழையதே பெட்டிக்குள் திரும்பிவிட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, இவன் மறந்துவிடுவான் என்று எண்ணினார். அந்த எண்ணத்துக்குக் கீழே இன்னோர் எண்ணமும் இருந்தது. முன்னறை மேசைமேல் திரை கறுத்துக்கிடக்க, ஜெபசுதா அதன் எதிரே ஒன்றும் செய்ய இயலாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரோ வந்து வாசலில் நின்று ஜீவமணி வீடு எது என்று கேட்கிறார்கள். அதை அவர் விலக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஜெபசுதா குரற்செய்தி அனுப்பியிருந்தாள். காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

“நான் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேங்க. இசக்கி கூப்புட்டாரு போல. புதுசே போட்டுரச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் குறுக்க பேசாண்டாம், உங்களுக்கு அது புரியாது. வெயில் தாழ வாங்க. மோர் கரைச்சு வச்சிருக்கேன்.”

அவர் அதை மறுமுறையும் கேட்டார். இரண்டாம் முறை கேட்கையில் மோர் என்ற இடத்தில் அவள் குரல் தணிவது தெரிந்தது. நேற்று இரவு அவருடைய குதிகால் வெடிப்புக்கு அவளே மருந்து தடவிவிட்டதும் நினைவுக்கு வந்தது. விரலை எடுக்காமல் கைப்பேசியைப் பிடித்தபடி இருந்தார்.

“அக்காவா? என்ன சொல்லுதாங்க?” என்று கேட்டான் இசக்கிராஜா. அவன் கை புதிய பெட்டியின் முத்திரைமேல் இருந்தது.

ஜீவமணி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். கைக்குட்டையை எடுத்து, மேசையில் உதிர்ந்துகிடந்த துருவை ஓர் ஓரமாகக் கூட்டினார். பிறகு அந்தப் பழைய பவர் சப்ளையின் விளிம்புகளை, சனிக்கிழமை மாலைகளில் பூட்டைத் துடைப்பதுபோல், மூலை விடாமல் துடைத்து அவன் பக்கமாக நகர்த்தினார்.

“பழசே போதும்னு சொல்லுதா,” என்றார். “மாட்டிரு.”