எமில் துகேயின் மூன்றாவது ஆட்டம்

தம்பி தனோஜனின் அறைச் சுவரில் எமில் துகே என்ற வெள்ளைக்காரனின் பழைய படம் ஒட்டியிருக்கும். 1908இல் மொன்றியல் அணியொன்றில் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடியவன். தோள் நோகிறது என்றவனை, ஆட்டம் பார்க்க ரிக்கெட் விற்றாயிற்று என்று முதலாளி களத்தில் இறக்கிவிட்டான். நோவோடு பந்து எறிந்து இரண்டு ஆட்டங்களில் வென்றான். மூன்றாவது ஆட்டத்தில் தோள் போய்விட்டது, அத்தோடு தொழிலும் போய்விட்டது. கவனமாக இருக்கத்தான் தம்பி அந்தப் படத்தை ஒட்டியிருந்தான்.

தம்பியும் பந்து எறிகிறவன்தான். மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் ஒரு தொழில்முறை அணி அவனை எடுத்ததும் அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு ஆட்டம்கூட ஆடாத பிள்ளைக்கு, புரோசார்ட்டில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். எங்கள் ஆட்களுக்கு விழா முதலில் வர வேண்டும், காரியம் பிறகு வரலாம்.

விழாவுக்கு முதல் நாள் தம்பி சொன்னான்: "அப்பா, தோள் சரியா நோகுது. கோச்சிட்டைச் சொல்லப்போறன். ரெண்டு கிழமை ஓய்வு தருவினம்."

"விசர்க்கதை கதையாதை! நாளைக்கு மேடையில ஏறிப்போட்டு நாளையிண்டைக்கு நீ எறியேல்லையெண்டால் சனம் என்ன கதைக்கும்? எல்லாரும் உன்ர முதல் ஆட்டத்துக்கு ரிக்கெட் எடுத்திட்டினம்."

தம்பி படத்தைக் காட்டி எமிலின் கதை முழுவதையும் சொன்னான். அப்பா அன்றுதான் அந்தப் படத்தை நின்று பார்த்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். நான் ஒரு மடைச்சி.

மறுநாள் அப்பா மைக்கைப் பிடித்தார். "நூறு வருசத்துக்கு முந்தி இதே மொன்றியலில எமில் எண்டு ஒருத்தன், தோள் நோவோட எறிஞ்சு வெண்டவன். என்ர மகனும் அப்பிடித்தான்!"

மண்டபமே கைதட்டியது. மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒவ்வொருவராக ஏறி, தம்பியின் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

எமிலாவது மூன்று ஆட்டம் ஆடினான். தம்பி முதல் ஆட்டத்திலேயே தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அணி அவனை விட்டுவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் யாரோ தம்பியின் ஆட்டத்தைப் பற்றி விசாரித்தார்கள். "அவனுக்கு இந்த விளையாட்டில பெரிசா விருப்பம் இருக்கேல்லை" என்றார் அப்பா. தம்பி பக்கத்தில்தான் நின்றான். அப்பா என்ற அந்த மனிதரை இனி நான் மன்னிக்கப் போவதில்லை.

தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்கள். தம்பி ஒரு கையை மட்டும் தூக்கினான்.