மலைக்குப் போகும் மாவு

சபை அறையில் ஐந்து பேர்: போதகர் செலாட்டிலே, மூப்பர் மோலெஃபி, பாதித் தூக்கத்தில் இன்னொரு மூப்பர், மாதர் சங்கத் தலைவி மாசெபினா, கதவோர முக்காலியில் லினேயோ. மோலெஃபி அவளுடைய செத்துப்போன கணவனின் அண்ணன்.

“உன் மகன் பொலோகோ எங்கம்மா?” என்றார் போதகர்.

“சுரங்க வேலைக்குப் போயிருக்கான், ஐயா.”

மாசெபினா சிரித்தாள். “மலைமேல உடம்பெல்லாம் வெள்ளைமண்ணு பூசிக்கிட்டு உக்காந்திருக்கானே, அந்தச் சுரங்கமாடி?”

பள்ளி, ஆஸ்பத்திரி, ஊற்று, வீடு எல்லாமே மிஷனுடையவை. மகனை விருத்தசேதனச் சடங்குக்கு மலையேற விட்டவள் சபைக்கு வெளியே. சபைக்கு வெளியே என்றால் வீட்டுக்கும் வெளியே. கூரை நூறு வருஷமாக ஒழுகியது. சட்டம் ஒழுகவில்லை.

மோலெஃபி எழுந்தார். போன வாரம் அவர் குதிரையை மலைப்பாதையில் யாரோ பார்த்துவிட்டார்கள். முந்திக்கொள்ள வேண்டியிருந்தது.

“தேடிப் போனேன், ஐயா. சடங்குக் குடிசை வாசல்ல கண்ணால பாத்தேன். கையில கட்டுப் போட்டிருந்தான்.”

லினேயோ நிமிர்ந்தாள். சடங்கு முடிக்காத ஆணை அந்த வாசலில் நிற்க விடமாட்டார்கள், அடித்தே துரத்துவார்கள். போதகர் தாழ்நிலத்துக்காரர், அவருக்கு இது தெரியாது. இவரை மட்டும் எப்படி நிற்க விட்டார்கள் என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மூப்பரின் வீட்டுச் சாவியும் மேஜைக்கு வந்துவிடும்.

ஆனால் பையனுக்கு மாவு கொண்டுபோவதும் அவர்தான். சடங்கு முடித்த உறவுக்காரன் வேறு யாருமில்லை. சடங்கு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மேலே செத்தவனைக் கீழே கொண்டுவர மாட்டார்கள். அவன் சாப்பிட்ட தட்டை உடைத்துத் தாயின் வாசலில் போடுவார்கள்.

“ஏதாவது சொல்றியா?” என்றார் போதகர்.

“இல்லங்க, ஐயா.”

அவள் வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிவர மோலெஃபியையே அனுப்பினார்கள். பனி விழ ஆரம்பித்திருந்தது. அவள் போர்வைகளையும் இரும்புச் சட்டியையும் முற்றத்தில் வைத்தாள். கடைசியாக மக்காச்சோள மாவு மூட்டையை இழுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

“கட்டு எதுக்கு?”

“சின்னக் காயம். ஆறிடும்.”

“அடுத்த தடவை யாராவது கேட்டா, பாலத்துக்கிட்ட பாத்தேன்னு சொல்லுங்க, மச்சான். வாசல்லன்னு சொல்லாதீங்க.”

அவர் மூட்டையைச் சேணத்தில் கட்டி, அதன்மேல் தன் கோயில் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு கதவைப் பூட்டத் திரும்பிவந்தார். அவள் சட்டியைத் தலையில் வைத்துப் படியிறங்கினாள். பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. சாவி ஒருமுறை வழுக்கியது. அப்புறம் இரண்டு சுற்று சுற்றியது.