குடும்பத்தோட பார்க்கலாம்

என் வீட்டுக்காரர் தீனதயாளனுக்குத் திண்டிவனத்தில் செல்போன் கடை. ஆனால் ஊருக்குத் தெரிந்த வேலை, யூடியூபில் சினிமாவைக் கழுவி ஊற்றுவது. ஊரே கையெடுத்துக் கும்பிடும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக்கூட, "அந்தம்மா அழுவுற நேரத்துல ஒரு வேளை சோறு ஆக்கியிருக்கலாம்" என்று சொல்லி, பெற்ற அப்பாவிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

இவர் திட்டினால் அந்தப் படம் பிழைத்தது என்று அர்த்தம். எந்தப் படம் இவரை ஒன்றுமே செய்யவில்லையோ, அதற்குத்தான் சிரித்த முகமாக, "குடும்பத்தோட பார்க்கலாம்" என்பார். உடனே கீழே வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதுவார்கள், பாவிகள்.

இன்று என் தம்பி ஆனந்தராஜின் முதல் படம் வெளியானது. வருஷக்கணக்கில் சென்னையில் நாயாய் அலைந்து எடுத்தது. அவன் விழுப்புரம் தியேட்டரில் இருந்தான். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நாங்கள் திண்டிவனத்திலேயே காலைக் காட்சிக்குப் போனோம்.

நான் எங்கே படம் பார்த்தேன்? இவர் முகத்தைத்தான் பார்த்தேன். உச்சுக் கொட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். இடைவேளையில் தம்பியிடமிருந்து போன் மேல் போன்.

"அக்கா, மாமா இன்னா சொல்றாரு?"

"இருடா, பேஜாரு பண்ணாத. படமே முடியல" என்று வைத்தேன்.

படம் விட்டதும் வண்டி நிறுத்துமிடத்தில் இவர் போனை என் கையில் கொடுத்து, வீடியோ எடுக்கச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். "வணக்கம். படம் நல்லா இருக்குது. கேமரா அழகு. குடும்பத்தோட..."

நிறுத்திவிட்டேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இன்னா பவானி?"

"என் தம்பிக்கு மாலை போட்டுக்கினு இருக்கீங்களா? உள்ள தலையில அடிச்சிக்கினீங்களே, அதச் சொல்லுங்க."

"மச்சான் படத்தத் திட்டினா நாளைக்கு உங்கம்மா வீட்டுப் படி ஏற முடியுமா?"

"எவன் எவன் படத்துக்கோ தொண்டை கிழியக் கத்துறீங்க. என் தம்பின்னா மட்டும் அவ்ளோ இளக்காரமா?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நான் மறுபடியும் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"டேய் ஆனந்தராஜு! அந்த மல்லாட்டைக் கொல்லையில, கடலைச் செடி நடுவுல, அந்தப் பொம்பள ஒரு வார்த்த பேசாம நிக்கிறா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அடுத்த நிமிஷமே குத்துப்பாட்டு வெக்கச் சொன்னது எவன்டா? அவ்ளோ பெரிய சீன எடுக்கத் தெரிஞ்சவனுக்கு, கிளைமாக்ஸ்ல வந்து அரிவாளத் தூக்குறதுக்கு வெக்கமா இல்ல?"

விடவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் என் முதுகில் விழுந்தது. போனை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று யூடியூபில் ஏற்றியும் விட்டார்.

அதன் பிறகு தம்பியிடமிருந்து போனே இல்லை. சோறு இறங்கவில்லை. கடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நானே போய்க் கெடுத்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். இவர் ஒரே போனைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட்டான். குரலிலேயே தெரிந்தது, அழுதிருக்கிறான்.

"மனசுல வெச்சிக்காதடா கண்ணு..."

"நீ வேறக்கா. குடும்பத்தோட பார்க்கலாம்னு சொல்லிடுவாரோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. மாமாகிட்ட போனக் குடு. இன்னும் எதுனா திட்டணும்னா திட்டட்டும்."