மூன்றாம் முறை கேட்டால்

அய்யாவு பிறந்து அறுபத்தொரு வருடத்தில் மதுவை நாக்கில் வைத்துப் பார்த்தவரில்லை. ஆனாலும் ஸ்கூடாய் நகரில் இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், அவரைப் போலக் குடிகாரன் கிடையாது என்று பேர். ஆறு வருடமாக அங்கே தேர்வு வைக்கும்போதெல்லாம் நோயாளியாக நடிக்கப் போவார். மாணவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து எட்டு நிமிடம் அவரை விசாரித்துச் சோதிப்பார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் விரிவுரையாளர் தாளில் மதிப்பெண் போடுவார். மணி அடித்ததும் அடுத்த பிள்ளை.

எப்படி நடிக்க வேண்டும் என்று அவருக்குக் கொடுத்த அட்டையின் முதல் வரியே ‘ஐம்பத்திரண்டு வயது இந்திய ஆடவர், கூலித் தொழிலாளி’ என்றுதான் இருக்கும். வேஷத்தில் அவர் பேர் மணியம். கை நடுங்க வேண்டும், பேச்சுக்குப் பேச்சு நெற்றியைத் துடைக்க வேண்டும். பக்கத்து அறையில் நடிக்கும் லிம்முக்கு மனக்கவலை, எதிர் அறையில் ஹம்சாவுக்கு நெஞ்சுவலி. எனக்கும் ஒரு வருஷம் நெஞ்சுவலி கொடுங்களேன் என்று ஒருமுறை அய்யாவு கேட்டுப் பார்த்தார்.

“அது பாக் சிக் ஹம்சாவுக்கு எழுதினது அங்கிள்,” என்று சிரித்தாள், தேர்வு ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஷர்மினி. “நம்மாளுங்கன்னா இதான் லா. இல்லாட்டி இனிப்பு நீரு வியாதி. அதுக்கு நீங்க ரொம்ப ஒல்லி.”

நெஞ்சுவலிக்குக்கூட இனம் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேஷம் கச்சிதமாகப் பொருந்திவிட்ட மனிதருக்குக் கோபம் எங்கிருந்து வரும்? உலு திராமில் இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியபோது கிடைக்காத மரியாதை இங்கே கிடைத்தது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நானும்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கோயில் சங்கத்தில் சொல்லிக்கொண்டார். “வீட்டுல காப்பி, காலேஜ்ல கள்ளு,” என்பாள் மனைவி ராஜம்மா.

அந்த அட்டையில் ஒரு நுணுக்கம் இருந்தது. ‘குடிப்பீங்களா?’ என்று மாணவர் முதல் முறை கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை, தோளில் கை வைத்து அன்பாகக் கேட்டால் மட்டும், தினமும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எழுதியவர் டாக்டர் சுபத்திரா. யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். நல்ல மனுஷி. தேநீர் கொடுக்காமல் யாரையும் அனுப்ப மாட்டார். அய்யாவுக்கு அவர்மேல் நிஜமான மதிப்பு உண்டு.

இந்த வருடம் கை தானாகவே நடுங்க ஆரம்பித்தது. காப்பி தட்டில் சிந்தியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது, உடம்பு வேர்த்துக் கொட்டியது, கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. ஒத்திகையில் டாக்டர் சுபத்திரா, “இந்த வருஷம் நடுக்கம் பிரமாதம், அய்யாவு,” என்றார். இது நடிப்பில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பாராட்டைக் கெடுத்துக்கொள்ள எந்த நடிகனுக்கு மனசு வரும்?

ராஜம்மா பிடுங்கியெடுத்த பிறகுதான் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனார். உள்ளே இருந்த இளம் டாக்டர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தே விட்டார். பேர் ஹேமநாதன். நாலு வருடத்துக்கு முன்னால் அதே கல்லூரியில் படித்தவர்.

“அங்கிள், மணியம் அங்கிள்தானே? உங்களாலதான் நான் பாஸ் பண்ணேன்.”

அய்யாவு சந்தோஷமாகக் கைகளை நீட்டிக் காட்டினார். டாக்டர் நடுக்கத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு குறைந்து கனிவு வந்தது.

“எவ்வளவு நாளா குடிக்கிறீங்க அங்கிள்?”

“நான் குடிக்கிறதில்ல டாக்டர். அது நடிப்பு.”

“தெரியும், தெரியும். ஆனா பழக்கமில்லாம அப்படி நடிக்க வராது அங்கிள். கூச்சப்படாதீங்க. குடிப்பீங்கதானே?”

“இல்ல டாக்டர்,” என்று சொன்ன அய்யாவு, தான் தலையைக் குனிந்திருப்பதைத் தானே கவனித்தார். அவமானத்தில் குனிந்த தலை. அட்டையில் எழுதியிருந்ததும் அதேதான்.

ஹேமநாதன் நாற்காலியை நகர்த்தி வந்து, தோளில் கை வைத்தார். “அங்கிள், நான் உங்க மகன் மாதிரி. உண்மையைச் சொன்னாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்.”

அய்யாவு தோளில் இருந்த கையைப் பார்த்தார். இல்லை என்றால் பொய், ஆமாம் என்றால் உண்மை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நுணலும் தன் வாயால் கெடும். பனை மரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் ஆறு வருடமாகப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு, கள் என்று தானே கூவியிருக்கிறார். கிளினிக்கை விட்டு வந்தபோது அவர் கையில் சத்து மாத்திரையும், குடியை நிறுத்த ஆலோசனை கொடுக்கும் இடத்துக்கு ஒரு கடிதமும் இருந்தன.

“நீங்க குடிக்கிறதில்லன்னு நான் வந்து சொல்றேன்,” என்று ராஜம்மா கிளம்பினாள்.

“சொல்லாத. குடிகாரன் பொண்டாட்டி மறைக்கத்தான் செய்வான்னு அதுவும் பாடத்துல இருக்கு.”

அந்த வாரம் முழுக்க அவர் கணக்குப் போட்டார். வருடத்துக்கு ஐம்பது பிள்ளைகள் என்றால் முந்நூறு பேர். நாட்டில் எங்கெங்கோ உட்கார்ந்து, தன்னைப் போல ஒருவர் ‘குடிப்பதில்லை’ என்று சொல்லும்போதெல்லாம் கனிவாக மறுபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். தேர்வுக்குப் போகாமலிருந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்யும் என்று மனசு கேட்கவில்லை.

தேர்வன்று மூலையில் டாக்டர் சுபத்திராவே உட்கார்ந்திருந்தார். முதல் நாலு பேர் மூன்று முறை கேட்டார்கள், அய்யாவு மூன்றாம் முறை ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை ‘தினமும்’ என்றபோதும் சொந்தப் பேரை அழித்து எழுதுவது போல இருந்தது.

ஐந்தாவதாக வந்தவள் கோத்தா திங்கியிலிருந்து வந்த பிரவீனா. அவளும் கைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“குடிப்பீங்களா அங்கிள்?”

“இல்லம்மா.”

“சரி,” என்றாள். அவ்வளவுதான்.

அய்யாவு அவளையே பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் ‘இல்லை’யோடு நிறுத்திய பிள்ளை இவள் ஒருத்திதான். அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள், நாடி பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவினாள். “உடம்பு இளைச்சிருக்கா அங்கிள்?” என்று கேட்டாள்.

அட்டையில் இதற்குப் பதில் இல்லை. “ஒம்பது கிலோம்மா,” என்றார் அய்யாவு. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மணி அடித்தது. பிரவீனா தேர்வாளர் பக்கம் திரும்பி, நாடி நூற்று இருபத்தெட்டு, கழுத்தில் தைராய்டு வீங்கியிருக்கிறது, ரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுபத்திராவின் பேனா தாளில் வரிசையாகச் சுழியம் போட்டது.

“பாவம், ஃபெயில்,” என்றார். “ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டா. நடிக்க வந்த உங்க நாடியைப் போய் எண்ணிட்டிருக்கா. நீங்க ஏன் ஒம்பது கிலோன்னு சொன்னீங்க? அது அட்டையில இல்லையே.”

நடிக்க வந்தவர் தேர்வாளரோடு பேசக் கூடாது என்பது விதி. அய்யாவு பேசினார். “அது நிஜம் டாக்டர். மூணு மாசமா இப்படித்தான் நடுங்குது.”

சுபத்திரா பேனாவை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “அய்யாவு, நீங்க நிஜமாவே குடிக்கிறீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“வீட்டுல ஏதாவது பிரச்சனையா? எப்பவாவதுகூட இல்லையா?”

“இல்ல.”

அவர் எழுந்து வந்தார். தோளில் கை விழுந்தது. “என்கிட்ட மறைக்க வேண்டாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அய்யாவுக்குக் கோபம் வந்தது. ஆறு வருடம் தாமதமாக வந்தாலும் முழுதாக வந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“மூணு தடவை கேட்டுட்டீங்க டாக்டர். நீங்க எழுதின பாடத்துப்படி இப்ப நான் ஒத்துக்கணும். ஒத்துக்கிறேன்னு வைங்க. அப்புறம் என் கழுத்தை யாரு பார்ப்பாங்க?”

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தது. சுபத்திரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த ஷர்மினியை, கையைக் காட்டி வெளியே நிற்கச் சொன்னார். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது அவர் முகம் வெளுத்தது.

“ஒத்திகையில இந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் பிரமாதம்னு சொன்னேன்,” என்றார், யாரிடமோ சொல்வது போல. “எழும்புங்க. என் காரிலயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இன்னைக்கே ரத்தம் எடுக்கணும்.”

அய்யாவு எழவில்லை. “அந்தப் பொண்ணு பேப்பர் டாக்டர்.”

“அதை அப்புறம் பார்க்கலாம். உங்க நாடி ஓடுற ஓட்டத்துக்கு...”

“முந்நூறு பேருக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்திருக்கேன். நீங்க எழுதினீங்க, நான் நடிச்சேன். சரியாப் பார்த்த ஒரே பிள்ளையை ஃபெயிலாக்கிட்டு நான் எங்கயும் வரல டாக்டர்.”

வெளியே அடுத்த மாணவன் காத்திருந்தான். சுபத்திரா மேசைக்குப் போய்ப் பிரவீனாவின் தாளை எடுத்தார். மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகத் தேடினார். இருமுறை கேட்டாரா, மும்முறை கேட்டாரா, தோளில் கை வைத்தாரா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நோயாளி சொன்னதை நம்பியதற்கு அவர் எந்தக் கட்டமும் போட்டு வைக்கவில்லை.

தாளைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அதற்கு ஒரு கட்டம் வரைந்து எழுத ஆரம்பித்தார்.