மேட்டு மண்

சங்கத்தின் மண் பரிசோதகர் கீழ் வரப்பைத் தாண்டி மலை ஏறமாட்டார். முழங்கால் வலி. துளைக்கம்பியை ஓரத்திலேயே இறக்கி, ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நிலத்துக்கு நடையைக் கட்டுவார். மழை மேட்டைச் சுரண்டிக் கொட்டுவது அங்கேதான் என்பதால் யாருடைய கீழோரமும் கொஞ்சம் கருப்பாகத்தான் இருக்கும். அப்படியும் சத்து இல்லையென்று தாள் வந்துவிட்டால், சங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துத் தைலமரம் நட்டுவிடும். போன வருஷம் நான்கு குடும்பம் மூட்டை கட்டியது.

மூன்று மழைக்காலமாக, அடித்து வந்த மண்ணையெல்லாம் கூடையில் சுமந்து மேட்டிலேயே திரும்பக் கொட்டியவள் கூடைக்காரி. பெயர் வந்ததே அதனால்தான். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, பட்டாணியைப் பூவோடு உரமாக மண்ணில் கொத்தி மடக்கினாள். கீழோரத்தில் மிஞ்சியது வெறும் சரளை.

பக்கத்து நிலத்துக் கொழுந்தன் மேலிருந்து கீழாக நேர்ச்சால் ஓட்டி உருளைக்கிழங்கு போடுகிறவன். அவனுக்குக் கீழோரம் கருகருவென்றிருந்தது. மேடு எலும்பு தெரியக் கிடந்தது.

"அண்ணி, சார் உங்க சரளையத்தான் எடுக்கப்போறாரு. மூட்டைய இப்பவே கட்டுங்க, நான் தூக்கி விடுறேன்."

"உன் முதுகு கிழங்கு மூட்டைக்கே வளையாது. சும்மா இரு."

பரிசோதகர் ஊன்றப்போன கம்பியை அவள் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் விதைக்கிறது மேல. மண்ணையும் மேல எடுங்க."

"கால் வலிம்மா."

"கம்பிய நான் தூக்குறேன். முடியலன்னா உங்களையும் தூக்குறேன். தெனம் நாப்பது கூடை ஏத்துனவ."

கொழுந்தன் கெக்கலித்தான்.

"அப்படியே இவன் மேட்டுலயும் எடுங்க சார்."

சிரிப்பு நின்றது.

மூச்சு வாங்க ஏறினார் பரிசோதகர். கம்பி முழங்கை ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. எடுத்தபோது மண்ணோடு ஒரு புழுவும் நெளிந்து வந்தது. கொழுந்தனின் மேட்டில் நாலு விரல் இறங்கியதும் பாறையில் 'டக்'கென்று நின்றது.

ஒரு மாதம் கழித்து, ஈரக் கோணி வாடை அடிக்கும் சங்க அலுவலகத்தில் கிளார்க் தாளைப் பிரித்தார். கொழுந்தனுக்கு ஒரு வருஷம் கெடு, அதற்குள் மேட்டைத் தேற்ற வேண்டும்.

அடுத்தது அவளுடையது.

"தழைச்சத்து போதுமானது. மணிச்சத்து போதுமானது. கரிமச்சத்து, இந்தச் சரிவிலேயே இதுதான் அதிகம். நிலம் பயிருக்கே."

கூடைக்காரி கால் ஆடும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொரு தடவ படிங்க சார். கொழுந்தனாருக்குக் காதுல விழல."

கிளார்க் எழுந்து நின்று, வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி மறுபடி படித்தார்.