தெறிக்கும் தட்டுகள்

சூளையிலிருந்து எடுக்கும்போது தட்டுகளில் ஒரு குறையும் இருக்காது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பளபளப்பான மேல்பூச்சில் அங்கங்கே மிளகளவு சில்லு தெறித்து விழுந்திருக்கும். குழியின் அடியில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் புள்ளி. ஏன் என்று அவற்றை வனையும் திவ்யலட்சுமிக்குப் பிடிபடவில்லை. தட்டுகள் கேட்டிருந்த வித்துரா ஊர் விடுதிக்காரர் இரண்டு முறை சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதும் தெறித்தால் கொல்லைச் சூளையை இடித்து அங்கே காரை நிறுத்தப்போவதாக அண்ணன் ஆறுமுகசாமி சொல்லியிருந்தான். அவர்கள் குடியிருந்த வலியசாலை வீடு அவன் பேரில் இருந்தது.

அவளுடைய சந்தேகம் அண்ணன் மனைவி ஸ்ரீப்ரியா மேல். ஈரத்தட்டுகளைத் தாண்டித் தினமும் துணி காயப்போடுகிறவள் அவள்தான். அடுத்த வீட்டார் காதில் விழும்படியே திவ்யலட்சுமி கேட்டுவிட்டாள்.

"மைனி, என் மண்ணுல சுண்ணாம்பு கலக்கது நீங்கதானே?"

"ஓ, எனக்கு வேற சோலி இல்லைல்லா. செய்யத் தெரியல்லேன்னா தெரியல்லேன்னு சொல்லுட்டி."

திவ்யலட்சுமி திரும்பிவந்த தட்டுகளைத் தரையில் பரப்பி, குழிகளை மையால் குறித்தாள். குறிகள் கண்டபடி சிதறவில்லை. தட்டில் செதுக்கியிருந்த தாமரை இதழ்களின் கோட்டை ஒட்டியே ஓடின. அம்மா மார்கழியில் போட்ட கோலம் அது. ஈர மண்ணில் அதைக் கோலப்பொடியால் இழுத்து, அந்தக் கோட்டின் மேல் இதழ் நரம்புகளைச் செதுக்கிவிட்டு, மிச்சப் பொடியை ஊதிவிடுவது அவள் வழக்கம். மண்ணில் அழுந்திய பொடிப்பரல் ஊதினால் போகுமா?

சாலைக் கடையில் வாங்கிய அந்தப் பொடியில் ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுச் சூளையில் சுட்டாள். ஆறியபின் நீர் தெளித்தாள். கிண்ணம் கையைச் சுட்டது, பொடி பொங்கி உப்பியது. சுண்ணாம்புக்கல்! தீயில் சுட்ட சுண்ணாம்பாகி, மழைக்காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பருத்து, மேலிருக்கும் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. பத்து நாள் ஆவது அதனால்தான்.

சுண்ணாம்பைக் கலந்தது தானேதான் என்று மைனியிடம் போய்ச் சொன்னாள்.

"நாலு பேரு கேக்கத்தானே கேட்டே? நாலு பேரு கேக்கச் சொல்லு."

திவ்யலட்சுமி மதிலருகே நின்று அடுத்த வீட்டாருக்குக் கேட்கும்படி சொன்னாள். ஸ்ரீப்ரியா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிக்ஸி உள்ளே இருந்தது. திவ்யலட்சுமி கோலப்பொடிக்குப் பதிலாகப் பச்சரிசியைக் கொல்லையிலேயே உரலில் இடித்துச் சலித்தாள்.

மூன்றாம் சூளைத் தட்டுகளை மூன்று வாரம் மழைச்சாரலில் வைத்திருந்தாள். ஒன்றும் தெறிக்கவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, காரைத் தெருவிலேயே விட்டான். கோலத்தின் கோட்டைக் கல்பொடியால் இழுக்கக்கூடாது. அரிசிமாவால் இழுக்க வேண்டும். அரிசிமாவு சூளையிலேயே எரிந்துபோகும், மண்ணுக்குள் பருப்பதற்கு எதுவும் மிஞ்சாது.