உறுமாத நாய்

பரீட்சை பத்தரைக்குத்தான். தையற்காரி ஒன்பதுக்கே நாயைக் கிளப்பிக்கொண்டு சமுதாயக் கூடத்து வாசலுக்கு வந்துவிட்டாள். அட்டைப்பெட்டியில் வைத்து யாரோ விட்டுப்போன குட்டி என்பதால் அதற்குப் பொட்டலம் என்று பெயர். ஆறு வாரப் பயிற்சியின் கடைசி நாள் அது. தேறினால் பொட்டலம் குடியிருப்பில் இருக்கலாம். தேறாவிட்டால் மாதக் கடைசிக்குள் அதை அனுப்பிவிட வேண்டும் என்று சங்கச் செயலாளர் எழுதியே கொடுத்திருந்தார்.

தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்த மாடி வீட்டுக்காரரின் சட்டைக் கையை அது கவ்வியதால் வந்த வினை. பல் தோலில் படவில்லை. ஆனாலும் சத்தமே போடாமல் பாய்ந்த நாய் என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது உண்மைதான். காரணம் தையற்காரிக்குத் தெரியும்.

வீட்டிலேயே கடை. அளவு கொடுக்க வருகிறவர்களைப் பார்த்துப் பொட்டலம் உறுமும். பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதனால் அது உறுமும்போதெல்லாம், இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்து அதன் முகத்தில் பீய்ச்சினாள். இரண்டே மாதத்தில் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டது. வந்தவர்கள் மெச்சினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் வாரம் பயிற்சியாளரம்மா போகிறபோக்கில் ஒன்று சொன்னார். உறுமல் நாய் தருகிற எச்சரிக்கையாம். அதற்காகத் தண்டித்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு நேரே கடிதானாம். சேர்க்கைப் படிவத்தில் 'உறுமியதற்காகத் தண்டித்தது உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் அடிப்பதெல்லாம் தண்டனையா என்று நினைத்து, இல்லை என்று போட்டிருந்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவன் சிரித்தான்.

"இன்னும் ரெண்டே வாரம். வாயைத் தைச்சுக்கிட்டு இரு. உனக்குத் தைக்கவா சொல்லிக்கொடுக்கணும்?"

தைத்துக்கொண்டாள். இரண்டு வாரமாகத் தூக்கம்தான் இல்லை.

பரீட்சையில் பொட்டலம் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தது, கூப்பிட்டால் வந்தது. கூடப் பரீட்சைக்கு வந்திருந்த பல் டாக்டரின் கொழுத்த நாய் மேசையிலிருந்த பிஸ்கட்டைத் திருடித் தின்றபோதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக, முன்பின் தெரியாத ஒருவர் வந்து தலையைத் தடவ வேண்டும். அதற்கென்று வந்திருந்தவர் பஸ் கண்டக்டர். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனையே தடவிக்கொடுத்து இறக்குகிறவன் நான், இது எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்து குனிந்தார்.

நாய் அசையவில்லை. நாற்காலியில் இருந்த செயலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். பயிற்சியாளரம்மா மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையற்காரி மட்டும் பார்த்தாள். திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. உடம்பு விறைத்தது. மாடி வீட்டுக்காரர் வந்த அன்றும் இப்படித்தான். மூன்று நொடிதானே, பொறுத்துக்கொள்ளும் என்று ஒரு மனம் சொன்னது. உரிமையாளர் குறுக்கிட்டால் தோல்வி என்று காலையில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். கண்டக்டரின் கைக்கும் நாய்க்கும் இடையில் இன்னும் ஒரு சாண்.

அவள் நடுவில் போய் நின்றாள்.

"கையை எடுங்கண்ணே. அது கடிச்சிடும்."

கண்டக்டர் கையைப் பேன்ட் பையில் சொருகிக்கொண்டார். செயலாளர் எழுந்து, அப்படியென்றால் முடிவு தெரிந்துவிட்டது, புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்றார்.

பயிற்சியாளரம்மா பொட்டலத்தைச் சற்று நேரம் பார்த்தார். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் வாயைச் சொன்னாள், கண்ணைச் சொன்னாள். பிறகு தண்ணீர்ப் புட்டியையும் சொன்னாள்.

"நான் பார்க்கலை. என் தப்பு" என்றார் பயிற்சியாளரம்மா. தாளில் தோல்வி என்றே எழுதினார். வாய்க்கூடு போட்டு இன்னும் மூன்று மாதம் பழக்கினால் சரியாவதற்கு வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார்.

"புதன்கிழமை நீங்க வந்து இதைச் சொல்வீங்களா மேடம்?"

"வர்றேன்மா. ஆனா படிவத்துல இல்லைன்னு போட்டதை நீங்கதான் சொல்லணும். மாடி வீட்டுக்காரர் முன்னாடியே."

தையற்காரி கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"சொல்றேன்" என்றாள்.